பிஎன்பிஎல் கம்பெனிகளுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? ஆஃப்டர்பே, அஃபர்ம், கிளார்னா, நம்ம ஊர் ஆப்கள்

தரமணி_கணக்கு:

"இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" (பை நவ் பே லேட்டர், சுருக்கமாக பிஎன்பிஎல்) என்று போர்டு மாட்டிய எல்லாக் கம்பெனியையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுகிறோம். நான் ஒரு என்பிஎஃப்சியில், அதாவது வங்கி அல்லாத கடன் நிறுவனத்தில், கிரெடிட் பக்கம் வேலை பார்க்கிறேன். எந்தக் கம்பெனியின் கணக்கு கைக்கு வந்தாலும் முதலில் மூன்று விஷயம்தான் தேடுவேன். வாடிக்கையாளர் தாமதமாகக் கட்டுவதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள், கடனாகப் போகிற பணம் யாருடையது, அது திரும்பி வராவிட்டால் யார் தலையில் விழுகிறது. இந்த மூன்றுக்கும் பதில் மாறும்போது தொழிலே வேறாகிவிடுகிறது.

ஆஃப்டர்பேயிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் இருப்பதிலேயே எளிமையானது. 2014இல் சிட்னியில் தொடங்கியது. நான்கு தவணை, இரண்டு வாரத்துக்கு ஒன்று, முதல் தவணை பில் போடும்போதே. வாங்குபவருக்கு வட்டி கிடையாது, கடைக்காரர் 4 சதவீதம் அளவில் கமிஷன் கொடுக்கிறார். 4,000 ரூபாய்ப் பொருளை வைத்துப் போட்டுப் பாருங்கள். கடைக்கு 3,840 போகிறது, வாடிக்கையாளரிடமிருந்து அன்றைக்கே 1,000 வந்துவிடுகிறது, ஆக கம்பெனியின் கையிலிருந்து வெளியே நிற்பது 2,840. இரண்டு வாரம் கழித்து 1,840, நான்கு வாரத்தில் 840, ஆறாவது வாரம் கடன் முடிந்து 160 ரூபாய் கையில் மிச்சம். சராசரியாக 1,840 ரூபாயைப் போட்டு ஆறு வாரத்தில் 160 எடுத்திருக்கிறார்கள். அதே பணம் ஆண்டுக்கு எட்டு முறைக்கு மேல் சுற்றி வரும். செலவு எதையும் கழிக்காமல் பார்த்தால் ஆண்டுக்கு 75 சதவீதம்! இப்போது கழியுங்கள். விற்பனையில் 1 சதவீதம் வராக்கடன் என்றால் 40 ரூபாய் போச்சு. 12 சதவீத வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தால் அதற்கு 25 ரூபாய். மீதி 95. இதிலிருந்துதான் சம்பளம், விளம்பரம், கார்டு கட்டணம் எல்லாம். இந்தத் தொழிலுக்கு உயிரே சுழற்சி வேகமும் கடைக்காரர் கொடுக்கும் அந்த 4 சதவீதமும்தான்.

அஃபர்ம் இதற்கு நேர் எதிர். பேபால் நிறுவனர்களில் ஒருவரான மேக்ஸ் லெவ்சின் 2012இல் தொடங்கியது. அவர்கள் பல மாதத் தவணைக்குப் பெரிய பொருளாகப் பார்த்துக் கொடுத்தார்கள். சில இடத்தில் கடைக்காரர் வட்டியை ஏற்கிறார், சில இடத்தில் வாங்குபவர் 36 சதவீதம் வரை வட்டி கட்டுகிறார். தாமதக் கட்டணம் கிடையாது. கடனைப் பெரும்பாலும் கூட்டாளி வங்கி வழியாகக் கொடுத்து, அப்புறம் அதை மற்ற முதலீட்டாளர்களுக்கு விற்றோ, பல கடன்களை ஒன்றாகச் சேர்த்துப் பத்திரமாக்கியோ பணம் திரட்டுகிறார்கள். 2020 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அவர்களுடைய வருமானத்தில் 28 சதவீதம் பெலோடன் என்ற ஒரே உடற்பயிற்சி சைக்கிள் கம்பெனியிடமிருந்து வந்தது. ஒரே கடையை நம்பி இவ்வளவு வருமானம் என்றால் கடன் கொடுக்கும் நான் தூங்க மாட்டேன்.

கிளார்னா, ஸ்டாக்ஹோம், 2005. 2017இல் வங்கி உரிமம் வாங்கிவிட்டார்கள், மக்களிடம் டெபாசிட் வாங்குகிறார்கள், ஆகவே பணம் மலிவு. ஆப்பில் விளம்பர வருமானமும் உண்டு. ஆனாலும் 2021இல் 4,560 கோடி டாலர் என்று மதிப்பிட்ட கம்பெனியை அடுத்த வருடமே 670 கோடி டாலர் என்றார்கள். அமெரிக்காவில் வட்டி ஏறத் தொடங்கியதும் முதலீட்டாளர்கள் வளர்ச்சியை விட்டுவிட்டு லாபம் எங்கே என்று கேட்டார்கள். 2025 செப்டம்பரில்தான் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது.

நம்ம ஊரில் ஏன் ஒரு ஆஃப்டர்பே உருவாகவில்லை? எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் முதலில் கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ரிச்சி_கடை:

சார், கடைக்காரனாகச் சொல்கிறேன். 4 சதவீதம் என்று கேட்டால் கதவைக் காட்டுவேன். கஸ்டமர் க்யூஆரில் ஸ்கேன் பண்ணிக் கட்டினால் எனக்கு ஒரு பைசா பிடித்தம் இல்லை, காசு அடுத்த நொடியில் கணக்கில். அப்படி இருக்கும்போது 4,000 ரூபாய் ஹெட்செட்டுக்கு 160 ரூபாய் எதற்குத் தர வேண்டும்? மொபைலில் எனக்கு நிற்பதே சொற்பம். பெரிய பிராண்ட் போனுக்கு நோ காஸ்ட் இஎம்ஐ ஓடுகிறது என்றால் அந்த வட்டியைப் பெரும்பாலும் பிராண்டே ஏற்கிறது, அதனால் நானும் சந்தோஷமாக விற்கிறேன். கேபிள், கீபோர்டு, ரவுட்டர் இதற்கெல்லாம் யார் ஏற்பார்கள்?

தரமணி_கணக்கு:

இதைத்தான் எதிர்பார்த்தேன். 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரர் கட்டணம் பூஜ்யம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கடைக்காரர் ஏற்கெனவே கார்டுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பழகியவர், அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் விற்பனை கூடும் என்று ஒப்புக்கொள்கிறார். இங்கே பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். மேலே போட்ட அதே கணக்கில் கமிஷனை 2 சதவீதமாக்குங்கள். 160க்குப் பதில் 80. வராக்கடன் 40, பணத்தின் செலவு 25. கையில் 15 ரூபாய். ஒரு எஸ்எம்எஸ், ஒரு போன் கால், ஒரு கேஒய்சி, முடிந்தது. 1 சதவீத வராக்கடன் என்பதையே நான் தாராளமாக வைத்திருக்கிறேன், சிபிலில் கடன் வரலாறே இல்லாத புது ஆட்களிடம் அது தங்காது.

ஆகவே இங்கே வந்த ஆப்கள் எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் வாங்குபவரிடம் வாங்கும் கம்பெனியாக மாறியே ஆக வேண்டியிருந்தது. வட்டி, ப்ராசசிங் ஃபீஸ், தாமதக் கட்டணம், எந்தப் பெயரில் வந்தாலும் சரி.

ஓஎம்ஆர்_கோடர்:

ப்ரோ, கமிஷன் ஒன்றை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. நான் இந்தத் துறையில் ஒரு ஸ்டார்ட்அப்பில் இருந்தவன். சம்பளச் சீட்டு இல்லாத, கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால் வங்கி திரும்பிக்கூடப் பார்க்காத ஆட்களுக்கு 2,000, 3,000 என்று கொடுத்து, ஒழுங்காகக் கட்டுகிறவரை அடையாளம் கண்டு, மெதுவாக லிமிட்டை ஏற்றுவதுதான் எங்கள் திட்டம். அந்தத் தகவல் சேர்ந்த பிறகுதான் லாபம் வரும், அதற்கு நாலைந்து வருடம் தேவை. ரிசர்வ் வங்கி அந்த நேரத்தைத் தரவில்லை. 2022 ஜூன் 20ஆம் தேதி, பிரீபெய்டு வாலட்டிலும் கார்டிலும் கடன் பணத்தை ஏற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. ஸ்லைஸ், யூனி மாதிரி கார்டு கொடுத்த ஆப்கள் எல்லாம் ஒரே இரவில் தொழிலை மாற்ற வேண்டி வந்தது. ஜெஸ்ட்மனி என்ற பிஎன்பிஎல் கம்பெனி 2023 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தது, அடுத்த மாதம் டிஎம்ஐ குழுமம் வாங்கிக்கொண்டது. எத்தனை பேர் வேலை போனது.

தரமணி_கணக்கு:

வேலை போனவர்கள் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு, அவர்களில் நல்ல அனலிஸ்டுகள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சுற்றறிக்கை எதைத் தொட்டது என்று பாருங்கள். உரிமம் இல்லாத ஒரு ஆப், ஒரு வங்கியின் பிரீபெய்டு கார்டை வாங்கி, பின்னால் ஒரு என்பிஎஃப்சியின் கடனை அதில் ஊற்றி, பார்ப்பவருக்குக் கிரெடிட் கார்டு மாதிரியே கொடுத்தது. கடன் யாருடையது என்று வாங்கியவருக்கே தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் விதிகள் இதைத்தான் சரி செய்தன. பணம் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நேராகப் போக வேண்டும், ஆண்டு வட்டி முழுதாக எழுதிய விவரத் தாள் கொடுக்க வேண்டும், கொஞ்ச நாள் அவகாசத்துக்குள் மனம் மாறினால் அபராதம் இல்லாமல் விலகலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2023 ஜூன். திரும்பி வராத கடனுக்கு ஆப் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதத்துக்கு 5 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். அதற்கு முன் நடந்தது என்ன? ஆப் சொல்லும், "நீங்கள் பணத்தைக் கொடுங்கள், நஷ்டம் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." என்பிஎஃப்சிக்கு அது நிம்மதி, யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்கவே வேண்டியதில்லை. ஆப்புக்கோ முதலீட்டாளர் பணம் இருக்கும் வரை கவலையில்லை. இரண்டு பக்கமும் கடனைச் சோதிக்க யாரும் இல்லாத ஒரு ஏற்பாடு அது. வரம்பு வந்ததும் என்பிஎஃப்சிகள் தாங்களே கடனைச் சோதிக்க ஆரம்பித்தன.

அப்புறம் 2023 நவம்பரில் அடமானம் இல்லாத நுகர்வோர் கடனுக்கு ரிஸ்க் வெயிட் (கடனுக்கு எவ்வளவு சொந்த மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதற்கான அளவு) 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதம். என்பிஎஃப்சிக்கு 15 சதவீத மூலதனம் வேண்டும் என்றால் நூறு ரூபாய்க் கடனுக்கு 15 வைத்திருந்த இடத்தில் 18.75 வைக்க வேண்டும். அடுத்த மாதமே பேடிஎம் 50,000க்குக் கீழான கடன்களைக் குறைப்பதாகச் சொன்னது, பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது. சின்னக் கடனில் லாபம் எவ்வளவு மெல்லிசாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பழைய_மாம்பலம்:

தம்பிகளா, தவணை வியாபாரம் மெட்ராஸுக்குப் புதிது இல்லை. வி.ஜி.பி.யும் அப்புறம் வசந்த் அண்ட் கோவும் தவணைக்குப் பொருள் கொடுத்தே வளர்ந்த கடைகள். எங்கள் தெருவில் ரேடியோவும் மிக்சியும் டிவியும் அப்படித்தான் வந்தன. அந்தக் காலத்துத் தவணைக் கடைகளில் நஷ்டம் வந்தால் அது கடை முதலாளிக்குத்தான். அதனால் வேலை எங்கே, வீடு எங்கே, ஜாமீன் யார் என்று குடைந்து கேட்டார்கள். விலையிலேயே தவணைக்கான லாபமும் சேர்ந்திருக்கும், அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று. கோயம்பேட்டில் காய் விற்பவர்கள் வாங்கும் தண்டலைப் பாருங்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய், நூறு நாள். ஆறு வாரத்தில் பணம் சுழல்கிறது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தரமணி_கணக்கு:

ஐயா, நல்ல கேள்வி, கணக்கு போட்டே பார்க்கலாம். தண்டலில் சராசரியாக வெளியே நிற்பது 4,250 ரூபாய் அளவு, நூறு நாளில் லாபம் 1,500. ஆண்டுக்கு 125 சதவீதத்துக்கு மேல் போகும். குறுகிய காலம், வேகமான சுழற்சி, சின்னத் தொகை, இதெல்லாம் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் காசு கொடுப்பவர் யார் என்பதில். தண்டலில் கடன் வாங்கியவரே முழுவதும் கொடுக்கிறார். ஆஃப்டர்பேயில் கடைக்காரர் கொடுக்கிறார், ஆனால் அவர் அதைத் தன் விலையில் எல்லார் மேலும் போட்டுவிடுவார். அதாவது ரொக்கமாக வாங்குகிறவரும் தவணைக்காரருக்காகக் கொஞ்சம் கொடுக்கிறார். எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை, இருந்தாலும் காய்கறி வண்டிக்காரர் தனியாகச் சுமப்பதைவிட மேல்.

வடபழனி_வாசகி:

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை, பயன்படுத்துபவளாக எழுதுகிறேன். ஒரு ஆப்பில் சாப்பாடு, மளிகை எல்லாம் வாங்கிப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டும் வசதி. ரொம்ப சௌகரியம்தான், ஒவ்வொரு முறையும் ஓடிபி கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயத்தில் ஒரு பில் தவறிவிட்டது. நானூறு சொச்சம் ரூபாய் பில்லுக்கு 250 தாமதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி வேறு. அதைக்கூட விடுங்கள், வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியில் என் சிபில் அறிக்கையைக் காட்டினார்கள், அதில் அந்த நானூறு ரூபாய் ஒரு பர்சனல் லோனாக, தாமதமாகக் கட்டியதாக நிற்கிறது. நான் கடன் வாங்குகிறேன் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. இந்தக் கம்பெனிகள் நாம் தவற வேண்டும் என்றுதான் காத்திருக்கிறார்களா?

தரமணி_கணக்கு:

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன் மேடம். கடைக்காரர் கமிஷன் போதாத ஒரு கம்பெனிக்குத் தாமதக் கட்டணம் நிரந்தர வருமானமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நல்ல பிஎன்பிஎல் எது, கெட்டது எது என்று நான் பார்ப்பதே இங்கேதான். நீங்கள் சரியாகக் கட்டினால் கம்பெனிக்கு லாபமா, தவறினால் லாபமா? அஃபர்ம் தாமதக் கட்டணமே வாங்குவதில்லை, ஆகவே கட்ட முடியாதவருக்குக் கடன் கொடுத்தால் நஷ்டம் அவர்களுக்கே. ஆஃப்டர்பே தாமதக் கட்டணம் வாங்கினாலும் பொருள் விலையில் 25 சதவீதத்துக்கு மேல் போகாது என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் பில் தொகையில் பாதிக்கு மேல் அபராதம். 10,000 ரூபாய் பில்லுக்கும் அதே 250 என்றால் உறுத்தாது. சின்ன பில்லில்தான் ஆளை அடிக்கிறது, சின்ன பில் போடுபவர்தான் கஷ்டத்தில் இருப்பவர்.

அபராதத்தை வட்டியாகச் சேர்த்து அதன் மேல் மறுபடி வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. சிபில் விஷயத்திலும் இப்போது இன்னும் கவனம் வேண்டும், கடன் நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 தொடக்கத்தில் விதி வந்தது. தவறினால் முன்பைவிடச் சீக்கிரம் பதிவாகும். கட்டிய ரசீது இருந்தால் கடன் கொடுத்த என்பிஎஃப்சியின் பெயரைப் பிடித்து (ஆப்பின் பெயர் அறிக்கையில் இருக்காது) அவர்களுக்கே எழுதுங்கள், கணக்கு முடிந்ததாகவாவது பதிவு ஆக வேண்டும்.

அம்பத்தூர்_கலெக்‌ஷன்:

வசூல் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. 1,500 ரூபாய் பாக்கிக்கு நான் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு வண்டியில் போக முடியாது, பெட்ரோலுக்கும் என் கூலிக்குமே சரியாகப் போய்விடும். அதனால் போன் மட்டும்தான். ஒரே ஆளுக்கு நாலைந்து ஆப்பிலிருந்து போன் வருவதற்கு இதுதான் காரணம், ஒவ்வொருவருக்கும் பாக்கி சின்னது, நேரில் போக வழியில்லை. காலை 8 மணிக்கு முன்னால், இரவு 7க்குப் பின்னால் கூப்பிடக் கூடாது என்று விதி. கமிஷனுக்கு ஓடும் பையன்களிடம் டார்கெட் கொடுத்துவிட்டு விதியை மட்டும் படிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? ஃப்ரிட்ஜ் கடன், பைக் கடன் அப்படி இல்லை, தொகை பெரிது, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் இருக்கிறது, இரண்டு மாதம் தவறினால் நேரில் போய் உட்கார்ந்து பேசலாம். பேசினால் பெரும்பாலோர் கட்டுவார்கள், இது என் அனுபவம்.

ஓஎம்ஆர்_கோடர்:

அப்படியானால் இந்தியாவில் பிஎன்பிஎல் முடிந்துவிட்டது என்கிறீர்களா? யுபிஐயில் கிரெடிட் லைன், அதாவது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கடன் வரம்பிலிருந்து கட்டும் வசதி, வந்துவிட்டதே.

தரமணி_கணக்கு:

முடியவில்லை, இடம் மாறிவிட்டது. பஜாஜ் ஃபைனான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், பிஎன்பிஎல் என்ற பெயர் இங்கே வருவதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள். 24,000 ரூபாய் டிவி ஆறு மாத நோ காஸ்ட் தவணை, பிராண்டோ டீலரோ 6 சதவீதம் விட்டுக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போவது 22,560, மாதம் 4,000 வீதம் ஆறு மாதம் திரும்பி வருகிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது, ப்ராசசிங் ஃபீஸ் தனி. வாங்குபவர் கண்ணில் வட்டி படாது, ஆனால் ரொக்கத்துக்கு அதே டீலர் தந்திருக்கக்கூடிய தள்ளுபடி போய்விடுகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்கு எழுதியாயிற்று.

இந்தத் தொழில் நிற்பதற்கு மூன்று காரணம். டெபாசிட் வாங்கும் உரிமம் இருப்பதால் பணம் ஆப் கம்பெனிகளைவிட மலிவு. கடன் தங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருப்பதால், அதாவது நஷ்டம் தங்களுக்கே என்பதால், சோதனை கறார். மூன்றாவது, டிவி கடன் என்பது ஆளைத் தெரிந்துகொள்ளும் வழி. ஒழுங்காகக் கட்டியவருக்கு அடுத்து பர்சனல் லோன் விற்கிறார்கள், பெரிய வருமானம் அங்கே. நீங்கள் சொன்ன "முதலில் தகவல் சேர்ப்போம், லாபம் அப்புறம்" என்பது இதே திட்டம்தான் ப்ரோ, அவர்களிடம் அதுவரை தாக்குப்பிடிக்க மலிவான பணம் இருந்தது.

எல்லாரும் போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். கிளார்னா வங்கியாகிவிட்டது. ஆஃப்டர்பேயை 2022 ஜனவரியில் பிளாக் என்ற அமெரிக்க பேமெண்ட் கம்பெனி வாங்கியது. ஸ்லைஸ் 2024இல் ஒரு ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கியோடு இணைந்தது. ஆப்பிள், அவ்வளவு பணம் வைத்திருப்பவர்கள், 2023இல் பே லேட்டர் ஆரம்பித்து 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். 2025 செப்டம்பரில் சிம்பிள் என்ற நம்ம ஊர் பிஎன்பிஎல் ஆப் அனுமதியில்லாமல் பேமெண்ட் நடத்துகிறது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியாவிலேயே 2025 ஜூன் 10 முதல் இந்தக் கம்பெனிகளுக்குக் கடன் உரிமம் கட்டாயம். யுபிஐ கிரெடிட் லைனும் வங்கிகள் தரும் கடன்தான், ஆப் வெறும் வாசல். மலிவான பணம், உரிமம், வசூல் மூன்றும் கையில் இருப்பவருக்குத்தான் இந்தத் தொழில் நிற்கும்.

ரிச்சி_கடை:

சார், கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் ஒரு ஏஜென்ட் சுற்றிக்கொண்டிருக்கிறார், புது பே லேட்டர், எனக்கு 3 சதவீதம் பிடித்தம், விற்பனை கூடும் என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் சேரலாமா?

தரமணி_கணக்கு:

அண்ணே, கையெழுத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள். பணம் எந்த என்பிஎஃப்சி அல்லது வங்கியிடமிருந்து வருகிறது, பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா. செட்டில்மெண்ட், அதாவது விற்ற பணம் உங்கள் கணக்குக்கு வருவது, மறுநாளா, மூன்று நாள் கழித்தா, வெள்ளிக்கிழமை விற்றது திங்கள் வருமா. கஸ்டமர் பொருளைத் திருப்பினால் அந்த 3 சதவீதம் உங்களுக்குத் திரும்ப வருமா, அங்கேதான் நிறையக் கடைகள் மாட்டுகின்றன. வாங்கியவர் போலி ஆள் என்று தெரிந்தால் நஷ்டம் யாருக்கு, உங்கள் அடுத்த செட்டில்மெண்டில் கழித்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், கடன் ரிஸ்க்கை உங்களிடமே தள்ளிவிட்டு 3 சதவீதமும் வாங்குகிறார்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் கேபிளுக்கும் மவுஸுக்கும் போடாதீர்கள். 5,000க்கு மேலான, உங்களுக்குப் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் நிற்கிற அயிட்டத்துக்கு மட்டும் வைத்து, புதிதாக எத்தனை கஸ்டமர் வருகிறார்கள், ஏற்கெனவே ஸ்கேன் பண்ணிக் கட்டியவர்களே இதற்கு மாறுகிறார்களா என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். பழைய ஆட்களே மாறினால் 3 சதவீதம் சும்மா போகிறது.

ரிச்சி_கடை:

ரிட்டர்ன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை சார். ஒப்பந்தத்தை வாங்கி அந்த இடத்தை முதலில் படிக்கிறேன், பக்கத்துக் கடைக்காரரிடமும் காட்டுகிறேன்.